பதினான்கு பொன்னாடைகள்

மடியில் மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரம். அதற்குள் காலையில் பொரித்த இருபத்தைந்து மட்டன் ரோல்ஸ். மூடி சரியாகப் பொருந்தாததால் கவுன்சிலருடைய அலுவலகம் முழுக்கக் கறி மணத்தது.

வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை என்னைக் கண்டதும் நாட்காட்டியைத் திறந்தாள். வழக்கம்போல ஏதோ விழாவுக்கு அழைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். எந்தச் சனிக்கிழமை என்று கேட்டாள். விழா ஒன்றும் இல்லை, மிஸ்டர் பார்லோவோடு ஐந்து நிமிடம் பேசவேண்டும் என்றேன்.

வரவிருந்த நகரசபைத் தேர்தலில் அவரை எதிர்த்து நான் நிற்பதாக இருந்தேன். அதை அவரிடமே சொல்லத்தான் போயிருந்தேன்.

இந்த யோசனையைக் கேட்டதும் பிலோமினா தலையில் கை வைத்தாள். பிலோமினா என் சிநேகிதி, மன்னார்க்காரி. ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் ஒரே கட்டடத்தில் அவள் மூன்றாம் மாடி, நான் ஆறாம் மாடி. அவள் ஞாயிறு பூசைக்குப் போவாள், நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவேன். மற்ற ஐந்து நாளும் இரண்டு பேரும் ஒருவர் குசினியில் ஒருவர் சமைத்துக்கொண்டு நிற்போம். என் வேட்புமனுவில் முதல் கையெழுத்து அவளுடையது.

"எதிர்த்து நிக்கப்போற ஆளுக்கு ஆரும் ரோல்ஸ் கொண்டுபோய்க் குடுப்பினமோ, சரோ?"

என் வீட்டில் தேத்தண்ணி குடித்த மனிதர், அடுத்தவர் வாயால் கேள்விப்பட விடக்கூடாது என்றேன். அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு ரோல்ஸ் சுற்ற உதவினாள்.

ஆறாம் மாடிக்கு நடந்து வந்தவர்

அந்தத் தேத்தண்ணிக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பார்க்டேலில் ஒற்றை அறையில் குடியிருந்துவிட்டு, நானும் கணவரும் மகனும் ஸ்காபரோவுக்கு வந்த முதல் குளிர்காலம். வீட்டில் ஹீற்றர் நின்றுபோய் மூன்றாம் நாள். கட்டடக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. மகனுக்கு இரண்டு ஜக்கெற் போட்டு, சூட்டுக்காக அடுப்பின் அவணைத் திறந்துவைத்து, அதன் முன்னால் இருத்தியிருந்தேன்.

கதவு தட்டிய சத்தம் கேட்டுத் திறந்தால், மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர். மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனிப்புகார். லிப்ட்டும் வேலை செய்யாததால் ஆறு மாடியும் நடந்து ஏறியிருக்கிறார். அப்போதுதான் முதல் தடவை தெரிவாகியிருந்த கவுன்சிலர். வீட்டில் கதிரை இல்லை. மெத்தையில் இருந்தார். என் கணவர் எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்றார். நான் மூன்று கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். மனிதர் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அன்று பின்னேரமே ஹீற்றர் வேலை செய்தது. வாக்குரிமை கிடைத்த நாளிலிருந்து அவருக்குத்தான் போட்டோம். வேறு யார் நிற்கிறார்கள் என்று பார்த்ததே இல்லை. அப்படியே இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஏறினவர் இறங்க வேண்டும்

போன கிழமை இந்தப் பத்தியில் நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, இவ்வளவு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கோபம் வரவில்லையா என்று கேட்டிருக்கிறார். தங்கச்சி, கோபம் நாள்தோறும் வந்தது. ஆனால் நான் பிள்ளைகளோடு கோபப்பட்டதைவிட அந்தச் சந்தியோடு கோபப்பட்டதுதான் அதிகம்.

எங்கள் கட்டடத்துக்கும் எதிரே இருக்கும் கடைத்தொகுதிக்கும் நடுவில் தெரு வளைகிற சந்தி அது. அங்கே தெருவைக் கடக்க சிக்னல் இல்லை. குழந்தை வண்டி தள்ளும் தாய்மாரும், கைத்தடி பிடித்த முதியவர்களும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஓடுவார்கள். என் மஞ்சள் பஸ்ஸின் கண்ணாடிக்குள்ளால் அதை இருபது வருடம் பார்த்தேன்.

சிக்னல் கேட்டு மூன்று தடவை சனத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மிஸ்டர் பார்லோவிடம் போனேன். முதல் தடவை, கட்டாயம் செய்கிறேன் என்றார். இரண்டாம் தடவை, பட்டியலில் இருக்கிறது என்றார். மூன்றாம் தடவை என் கையைப் பிடித்து அன்பாகக் கேட்டார், அது எந்தச் சந்தி என்று.

எனக்கு அன்று அழுகை வந்தது. அந்த மனிதர் கெட்டவராகவில்லை, களைத்துப்போனார், அவ்வளவுதான். கோயில் தேர், தேவாலயப் பெருநாள், அரங்கேற்றம், செத்தவீடு, எல்லாவற்றுக்கும் வந்து வணக்கம் சொல்லிச் சொல்லி, எங்கள் தெருவை அவர் பார்க்க மறந்துவிட்டார். அப்படி ஆக்கியதில் எங்களுக்கும் பங்குண்டு. வந்த இடமெல்லாம் பொன்னாடை போர்த்தி மாலை போட்டு முன்வரிசையில் இருத்தியவர்கள் நாங்கள்தானே.

பஸ்ஸில் ஏறினவர் ஒரு தரிப்பில் இறங்கத்தான் வேண்டும். கவுன்சிலர் பதவிக்கும் அப்படி ஒரு தரிப்பு இருந்தால் என்ன? எங்கள் நகரத்தில் அப்படி ஒரு விதி இல்லை. ஆகவே என் துண்டுப்பிரசுரத்தில் நானே எழுதினேன்: "இரண்டு தவணை போதும்." வென்றால் எட்டு வருடத்தில் போய்விடுவேன், எல்லோருக்கும் அப்படி ஒரு விதி வரவேண்டும் என்று சபையில் கேட்பேன் என்று கையெழுத்தும் வைத்தேன்.

அலுமாரிக்குள் இருந்தவை

மிஸ்டர் பார்லோ ஒரு ரோல்ஸைக் கடித்தபடியே நான் சொன்னதைக் கேட்டார். தேர்தலில் நிற்பது உங்கள் உரிமை, நேரில் வந்து சொன்னதற்கு நன்றி என்றார். பிறகு எழுந்துபோய் ஒரு அலுமாரியைத் திறந்து காட்டினார்.

உள்ளே பொன்னாடைகள். எங்கள் மாதர் சங்கம் கொடுத்தவை மட்டும் தனித் தட்டில், மடித்து, ஒவ்வொன்றிலும் வருடம் எழுதிய சிறு துண்டோடு. பதினான்கு. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் பிரதம விருந்தினராக வந்தபோது நான் போர்த்தியவை. பதினான்கும் என் கையால்தான்.

"உங்கள் ஆண்டுக்கூட்டம் இந்த முறை எப்போது?" என்று கேட்டார். எப்போதும்போல நவம்பரில், தேர்தல் முடிந்த பிறகு என்றேன். யார் வென்றாலும் நான் வருவேன் என்று சொல்லிச் சிரித்தார்.

மனிதர் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாத்திரத்தைத் திருப்பி வாங்கவும் மறந்துவிட்டேன்.

தேத்தண்ணி வாக்குகள்

கோடை முழுக்க நானும் பிலோமினாவும் கதவு கதவாகத் தட்டினோம். அவள் கையில் பெயர்ப்பட்டியல். ஆதரவு என்றால் வட்டம், இல்லை என்றால் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. நான்கு மாடி முடிந்தபோது தாள் முழுக்க வட்டம்தான். ஒரு புள்ளடிகூட இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் சனம் வாசலில் நிற்கும் ஆளின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லுமா? "ஓம் ஓம், உங்களுக்குத்தான்" என்பார்கள். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தருவார்கள். நான் குடித்த ஒவ்வொரு கோப்பையையும் ஒரு வாக்காக எழுதச் சொன்னேன். ஒரு வீட்டு பல்கனியில் என்னுடைய விளம்பரப் பலகையும் மிஸ்டர் பார்லோவுடையதும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. கேட்டதற்கு, இரண்டு பேரும் எங்கட ஆக்கள்தானே என்றார்கள்.

பிக்கரிங்கிலிருந்து சனிக்கிழமைகளில் உதவிக்கு வரும் என் மகன் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அம்மா, திஸ் இஸ் நாட் டேட்டா. இது டீ."

நான் அவனை ஏசினேன். அவனுக்கு எங்கள் சனத்தைத் தெரியாது என்றேன்.

ராசையா அண்ணை கேட்ட கேள்வி

பிறகு ஒரு நாள் ஒன்பதாம் மாடியில் ராசையா அண்ணையின் கதவைத் தட்டினோம். அவருடைய மனைவி எங்கள் மாதர் சங்க உறுப்பினர். ஆண்டுக்கூட்டத்துக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு, பின்வரிசையில் இருந்து வடை சாப்பிட்டுவிட்டுப் போவார். அதிகம் பேசாத மனிதர்.

நான் ஒரு மூச்சில் எல்லாம் சொன்னேன். ஒரே ஆள் ஒரே கதிரையில் இருந்தால் கண் மங்கிப்போகும், புது ஆட்கள் வர வழியில்லை, இரண்டு தவணை போதும். அவர் துண்டுப்பிரசுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, குறை நினையாதையும். உங்கட சங்கத்துக்கு நீர் எத்தினை வருசமாத் தலைவி?"

பதினாலு என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்கு முகம் சுட்டது. அது வேற அண்ணை, அது சும்மா ஒரு சங்கம்தானே, வேற ஆரும் கேக்கிறேல்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்.

நான் உதவிக்குப் பிலோமினாவைப் பார்த்தேன். அவள் பதினான்கு வருடமும் என் செயலாளர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அறிக்கை எழுதியவள். அவள் வாசலில் கிடந்த சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

லிப்டுக்குள்

எங்கள் சங்கத் தேர்தல் எப்படி நடக்கும் என்று சொல்லவேண்டும். நிர்வாகத் தெரிவு எப்போதும் கடைசியில் வரும். அதற்குள் பக்கத்து அறையில் வடை பொரியும் மணம் வந்துவிடும். பின்னாலிருந்து ஒரு குரல், "பழைய நிர்வாகமே இருக்கட்டும்" என்று சொல்லும். எல்லோரும் கை தட்டுவார்கள். நான் எழுந்து கும்பிடுவேன். அரை நிமிடம் ஆகாது. இதைத்தான் நாங்கள் ஏகமனதான தெரிவு என்று எழுதிவந்தோம்.

லிப்ட் கீழே இறங்கும்போது பிலோமினாவிடம் கேட்டேன், உமக்கும் ராசையா அண்ணை மாதிரித்தான் தோன்றுகிறதோ என்று.

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"அதுதான் கேக்கிறன். சொல்லும்."

லிப்ட் கீழே வந்து கதவு திறந்து, யாரும் ஏறாமல் மூடியது. அவள் வெளியே போகவில்லை.

"ஏழாவது வருசம் தலைவர் பதவிக்கு நானும் கேக்கிறன் எண்டு ஒரு கடதாசி எழுதிக்கொண்டு வந்தனான். கைப்பைக்குள்ள வச்சிருந்தனான். எழும்புவம் எண்டு பாக்க, பழைய நிர்வாகமே எண்டு சத்தம் வந்திட்டுது. நீர் எழும்பிக் கும்பிட்டீர்."

"பிறகு?"

"பிறகு வடை கொண்டுவந்தினம்."

அடுத்த வருடம் கேட்டிருக்கலாமே என்று பாய்ந்தேன். அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"அப்ப அண்ணை செத்து ஒரு வருசம் ஆகேல்லை, சரோ. நீர் கட்டிலை விட்டு எழும்பினதே சங்கத்து அலுவலுக்காகத்தான். உம்மட கையில இருந்து அதை நான் எப்பிடிப் பறிக்கிறது? பிறகு பிறகு எண்டு வருசம் போட்டுது. அந்தக் கடதாசியையும் கிழிச்சுப் போட்டன். இப்ப எனக்கு எழுபது."

அண்ணை என்று அவள் சொன்னது என் கணவரை.

என் கோபத்துக்கு ஒரு குணம் உண்டு. பிழை என் பக்கம் இருந்தால்தான் அது பெரிதாக வரும். இதைத் தேர்தல் நேரத்தில்தான் சொல்லவேண்டுமோ என்று கேட்டுவிட்டு, லிப்ட் கதவைத் திறந்து விறுவிறு என்று நடந்துவிட்டேன். ஐந்து நாள் பேசவில்லை. அந்த ஐந்து நாளும் தனியே கதவு தட்டினேன். "இரண்டு தவணை போதும்" என்று சொல்லும்போதெல்லாம் கேட்பவர் முகத்தைப் பார்க்காமல் துண்டுப்பிரசுரத்தைப் பார்த்தேன். மிஸ்டர் பார்லோவின் சிரிப்பும் அப்போதுதான் விளங்கியது. பதினான்கு பொன்னாடை வாங்கிய மனிதருக்கு, அதைப் போர்த்திய கை ஒரே கைதான் என்று தெரியாதா?

தேர்தலில் தோற்றால் தோற்கட்டும். பிலோமினாவை இழந்துவிடுவேனோ என்பதுதான் எனக்குப் பயம். கணவர் போன பிறகு என் வீட்டுக் கதவை மணி அடிக்காமல் திறக்கிற ஒரே ஆள் அவள்.

தேவாலய மண்டபத்தில்

ஆறாம் நாள் வேட்பாளர்களின் பொதுவிவாதம். பிலோமினா பூசைக்குப் போகும் தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில். அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். மூன்றாம் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

கடைசியில் ஒருவரை ஒருவர் ஒரு கேள்வி கேட்கலாம் என்றார்கள். மிஸ்டர் பார்லோ எழுந்தார். ராசையா அண்ணை கேட்ட அந்த ஒரு கேள்வியை அவரும் கேட்டால் மண்டபமே சிரிக்கும், என் கதை முடிந்தது.

அவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த சிறு அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு எங்கள் சந்தியின் பெயரைச் சரியாகச் சொல்லி, அங்கே சிக்னல் வர நான் முதலில் என்ன செய்வேன் என்று கேட்டார்.

அதற்குப் பதில் சொன்னேன். சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். முடியவில்லை. மற்றதையும் சொன்னேன். முதலில் ஆங்கிலத்தில், பிறகு பின்வரிசையில் இருந்த எங்கள் சனத்துக்காகத் தமிழில்.

"மிஸ்டர் பார்லோவை இறங்கச் சொல்லுற நான், சங்கத்தில பதினாலு வருசமா இறங்கேல்லை. எனக்குப் பின்னால ஒரு ஆள் நிண்டுகொண்டிருந்தது. நான் திரும்பிப் பாக்கேல்லை. இந்த நவம்பரோட நான் இறங்கிறன்."

ஒருவரும் கை தட்டவில்லை. பிலோமினா கைப்பையைத் திறந்து, கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியைத் தேடினாள்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் மகன் சொன்னான்: "அம்மா, யூ ஜஸ்ட் லாஸ்ட் தி எலெக்‌ஷன்." சொல்லிவிட்டு என் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டான். சின்ன வயதில் அவனுக்கு நான் செய்ததுபோல. வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டாமல் இருந்தது. பிலோமினா எனக்கு முன்னால் வந்து புட்டு அவித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் இருந்து சாப்பிட்டோம்.

பழைய நிர்வாகமே

தோற்றேன். கொஞ்சநஞ்ச வித்தியாசத்தில் இல்லை, நன்றாகவே தோற்றேன். நான் குடித்த தேத்தண்ணியெல்லாம் எங்கே போனது என்று மகன் இன்றைக்கும் கேட்பான்.

நவம்பரில் ஆண்டுக்கூட்டம். மிஸ்டர் பார்லோ சொன்னபடி வந்தார். கையில் என் எவர்சில்வர் பாத்திரம். வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை என்பதை எங்களோடு பழகிப் படித்திருக்கிறார். உள்ளே அவருடைய மனைவி செய்த பட்டர் டாற் என்ற இனிப்பு.

நிர்வாகத் தெரிவு வந்தது. வடை மணமும் வந்தது. நான் பகிரங்கமாகச் சொன்னது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் பின்னாலிருந்து ஒரு குரல், "பழைய நிர்வாகமே இருக்கட்டும்" என்றது. வாய்ப்பழக்கம். கைதட்டும் தொடங்கிவிட்டது.

நான் எழுந்தேன். கும்பிடவில்லை. நான் நிற்கவில்லை, தலைவர் பதவிக்கு யாராவது கேட்கிறீர்களா என்றேன்.

கைதட்டு நின்றது. நானே பிலோமினாவின் பெயரைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதையும் நான் கொடுத்ததாக அவளுக்கு ஆகிவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் அறிக்கைப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடைத்தட்டோடு வந்த பிள்ளை வாசலில் நின்றுவிட்டாள். பிலோமினா பேனையை மூடினாள். எழுந்தாள்.

"நான் கேக்கிறன்."

கைதட்டு அடங்க நேரம் எடுத்தது. ராசையா அண்ணை எழுந்து நின்று தட்டினார். பதினைந்தாவது பொன்னாடையைப் பிலோமினா போர்த்தினாள். அவள் குள்ளம், மிஸ்டர் பார்லோ நன்றாகக் குனிந்து கொடுத்தார்.

செயலாளர் பதவிக்கு ஒருவரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன். அறிக்கைப் புத்தகம் என் பக்கம் வந்தது. தடித்த, மட்டை கிழிந்த கொப்பி. பதினான்கு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அதைத் திறந்ததில்லை. எப்படி எழுதுவது என்று பார்க்கப் பழைய பக்கங்களைப் புரட்டினேன்.

ஏழாவது வருடத்தின் பக்கம் கொஞ்சம் புடைத்திருந்தது. பிலோமினாவின் உருண்டைக் கையெழுத்தில் இருந்தது: "தலைவர் பதவிக்கு வேறு எவரும் விண்ணப்பிக்கவில்லை." அந்த வரியின் மேல் நான்காக மடித்த ஒரு கடதாசி.

கிழித்துப் போட்டேன் என்று சொன்னாளே, அந்தக் கடதாசி. தலைவர் பதவிக்கு என் பெயரையும் சேர்த்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதி, கீழே பெயர். எனக்குக் கண் மறைத்தது. மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

புதுப் பக்கத்தில் எழுதினேன்: "தலைவர் பதவிக்குத் திருமதி பிலோமினா விண்ணப்பித்தார்."

ஒலிவாங்கிக்கு முன்னால் நின்ற பிலோமினா நன்றியுரையை நிறுத்திவிட்டு என் பக்கம் குனிந்து கேட்டாள். "எல்லாம் எழுதுறீரோ, சரோ?"

"ஓம், எழுதுறன்."

நான் அந்தக் கடதாசியைக் கண்டது இந்த வாரம் இந்தப் பத்தியை வாசிக்கும்போதுதான் அவளுக்குத் தெரியவரும். பிலோ, கோவிக்காதையும். உம்முடைய கடதாசி அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.